காவக்காரிக்கு வாய் இல்லை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் என் முக்காலியில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலோரத்து நுண்ணோக்கி. பதினான்கு வருடமாக நான் மட்டுமே தொடுகிற நுண்ணோக்கி. அதில் கண்ணை வைத்துக்கொண்டு, "அல்லா, எவ்வளவு அழகா இருக்கு" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

பெயர் நிலோஃபர். கீழக்கரைக்காரி. வயது முப்பத்து நான்கு, என்னைவிட ஏழு குறைவு. முனைவர் பட்டம் வாங்கியவள். எங்கள் கடலாய்வு நிலையத்தின் இயக்குநர் தணிகாசலம் டாக்டர் பின்னாலேயே வந்து, "அமலா, இனிமே பாசிவிலங்கு வேலைய நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க" என்றார். அதாவது இதுவரை நான் முழுதாகப் பார்த்த வேலையில் இனி எனக்குப் பாதி.

"இது உங்க இடமா லாத்தா?" என்று எழுந்துகொண்டாள். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நான் எப்போது இவளுக்கு அக்காவானேன்?

முக்காலி சூடாக இருந்தது. அது ஆறும்வரை நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

ஜூன் 5, வியாழன்

படகுத்துறையிலிருந்து இருபத்து நான்கு தட்டுகளையும் தூக்கிப் பார்த்தோம். கடலில் என்னென்ன வந்து ஒட்டி வளர்கிறது என்று பார்க்கக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் தட்டுகள். சிப்பி, கொட்டலசு, பாசி, அதற்கிடையில் என்னுடைய பாசிவிலங்குகள். வெறும் கண்ணுக்கு வெள்ளைத் துணி ஒட்டின மாதிரித்தான் தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால் அது துணியில்லை, ஊர். கடுகைவிடச் சின்ன அறைகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக, அறைக்கு ஒரு உயிர். எல்லாம் முதலில் வந்து ஒட்டிய ஒருத்தியிலிருந்து முளைத்து, சுவரோடு சுவர் ஒட்டி ஒரே கூட்டமாக வளர்ந்தவை. புத்தகத்தில் இவற்றுக்கு ஜூவாய்டு என்று பெயர்.

கயிற்றை இழுக்க அவளுக்குத் தெரியவில்லை. உள்ளங்கை உரிந்துவிட்டது. உரிந்தாலும் சிரிக்கிறாள். கண்ணாடிச் சாமான் கழுவும் முத்துராக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டு ஓடினாள். எனக்கு உரிந்தபோது யாரும் ஓடவில்லை.

மதியம் அவள் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்றேன். நெய்ச்சோறும், அவர்கள் ஆணம் என்கிற இறைச்சிக் குழம்பும். கொஞ்சம்தான் சாப்பிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

பதினேழாம் தட்டில் ஒட்டியிருந்ததை வரைந்தேன். நான் இங்கே ஓவியர், நுண்ணோக்கியில் தெரிவதை வரைவதுதான் என் வேலை. நாள் முழுக்க ஒரே படம். பக்கத்து அறையில் டாக்டரும் அவளும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு வருடத்தில் டாக்டர் என்னிடம் "வரைஞ்சாச்சா அமலா?" என்பதைத் தவிர வேறு என்ன கேட்டிருக்கிறார்? அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும்.

மை போடும்போது பார்த்தால் ஓரத்தில் ஒரு இடத்தில் பென்சில் கோடு விட்டிருந்தது. மறுபடி நுண்ணோக்கியில் பார்த்திருக்கலாம். அங்கே சிரிப்பு நிற்கவில்லை. இணைத்துவிட்டு, வலது கீழ்மூலையில் எப்போதும்போல் தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன். தேதி இல்லாத படம் என் கையிலிருந்து போனதே கிடையாது.

ஜூன் 24, செவ்வாய்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, "இந்த அலகு உள்ளது எல்லாம் எங்க இருக்கு லாத்தா?" என்று கேட்டாள். நானும் நினைப்பில்லாமல், "காவக்காரியா? வாய்க்காரிக்குப் பின்னால பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதெல்லாம் நானாக வைத்த பெயர்கள். இரை பிடித்துத் தின்பவள் வாய்க்காரி. முட்டையைச் சுமப்பவள் பிள்ளைக்காரி. பறவைத் தலை மாதிரி அலகை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஊர்ந்து வரும் பூச்சியைக் கடிப்பவள் காவக்காரி. காவக்காரிக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. கடிக்கத் தெரியும், தின்னத் தெரியாது. வாய்க்காரிகள் தின்பதில்தான் சுவரின் துளை வழியாக இவளுக்கும் பங்கு வரும். பத்து வருடத்துக்கு முன்னால் ஒருமுறை டாக்டரிடம் இந்தப் பெயர்களைச் சொன்னேன். "இதென்ன, தெருச் சண்டை மாதிரி இருக்கு" என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

அவள் பேனாவை எடுத்து, மூன்றையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். என் பேனா.

ஜூலை 3, வியாழன்

அவளுக்கு நோன்பு. மதியம் தனியாகச் சாப்பிட்டேன். நிம்மதியாக இருந்தது. என் குழம்பில் உப்பு இல்லை என்பது இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 17, வியாழன்

நான் நினைத்தது நடந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் கையேடு போடும் கூட்டம். அந்த நேரம் பார்த்து எனக்குப் படகுத்துறையில் வேலை. திரும்பி வந்ததும் முத்துராக்குதான் சொன்னாள்.

"ஏத்தா அமலா, நீ இல்லாமப் போயிட்டியே. அந்தப் புள்ள என்னமோ வாய்க்காரி, காவக்காரின்னு சொல்லுச்சு. எல்லாரும் கையத் தட்டுறாக. டாக்டர் எந்திரிச்சு நின்னு தட்டுறாரு."

"யார் வச்ச பேருன்னு சொன்னாளா?"

"நான் டீ குடுத்துட்டு வெளிய வந்துட்டேன்ல. எனக்கென்ன தெரியும்?"

எனக்குத் தெரியும். பத்து வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பெயர்கள். என்னிடமிருந்து வந்தால் தெருச் சண்டை, அவளிடமிருந்து வந்தால் கைதட்டல். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நாலு மணிக்கே கிளம்பினேன். பின்னாலேயே "லாத்தா, ஒரு விசயம்" என்று வந்தாள். பஸ் வந்துவிட்டது என்றேன். பஸ் நாலரைக்குத்தான்.

ஜூலை 30, புதன்

நேற்று பெருநாள். வட்டலப்பமும் தொதலும் கொண்டுவந்து என் மேசையில் வைத்திருந்தாள். எனக்கு இனிப்பு ஆகாது என்று எல்லாவற்றையும் முத்துராக்குவிடம் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால் இரண்டு துண்டு. சரி, நாலு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். மேலிடத்திலிருந்து கடிதமாம். அக்டோபரிலிருந்து பாசிவிலங்குப் பிரிவில் ஒரே ஒரு ஒப்பந்தப் பணிதான். செப்டம்பர் 2 அன்று குழு வந்து இருவர் வேலையையும் பார்த்து முடிவு செய்யும்.

அவள் வெளியே வந்து, "என்ன லாத்தா இப்படிச் சொல்லிட்டாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. நடிக்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் சுலபம்.

இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. நாற்பத்தொரு வயதில் எங்கே போய், என்ன வரைய? தங்கச்சிமடத்துக்குப் போய் அண்ணன் வீட்டில் மீன் கழுவ வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவளுக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. பதினேழாம் தட்டில் இருப்பது இதுவரை யாரும் பார்க்காத இனம் என்கிறாள். இந்த மாதிரி வாய்க்காரியும் இந்த மாதிரி நீண்ட அலகுள்ள காவக்காரியும் ஒரே கூட்டத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். டாக்டர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். குழுவுக்கு முன்னால் இதைத்தான் காட்டப் போகிறாள். படம் என்னுடையது, ஜூன் மாதம் வரைந்தது. புது இனம் அவளுடையது.

ஆகஸ்ட் 9, சனி

விடுமுறை. ஆனாலும் போனேன். ஆய்வகத் தொட்டியில் எடுத்து வைத்திருக்கும் தட்டுகளுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது.

தண்ணீர் மாற்றியபின், போகிற போக்கில் பதினேழாம் தட்டின் ஓரத்திலிருந்து நகக்கண் அளவு சில்லு ஒன்றைப் பெயர்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். கூட்டத்திலிருந்து பிரித்துவிட்டேன், ஆனாலும் ஒரு காவக்காரி அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அங்கே கடிக்க எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ப்ளீச் ஊற்றினேன். சதையெல்லாம் கரைந்து சுவர்கள் மட்டும் மிஞ்சும்.

சுவரில் இடைவெளி இருந்தது. மயிரிழைதான், ஆனால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. ஒரு கூட்டமில்லை, இரண்டு. இரண்டும் இந்தக் கடலில் சாதாரணமாகக் கிடைப்பவை. பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. வாய்க்காரி ஒரு கூட்டத்துக்காரி, காவக்காரி இன்னொரு கூட்டத்துக்காரி. புது இனமும் இல்லை, ஒன்றும் இல்லை.

இதைக்கூடப் பார்க்காமல் முனைவர் பட்டம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

இடைவெளியோடு சரியாக வரைந்தேன். இவ்வளவு சுத்தமான கோடு என் கையில் வந்து நாளாயிற்று. தேதி போட்டு நீலக் கோப்பில் வைத்தேன். திங்கட்கிழமை அவளிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அவள் ராமநாதபுரம் போயிருந்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இருந்தாள். எனக்குத் தலைவலி.

ஆகஸ்ட் 13, புதன்

டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். அவர் முன்னால் வைத்துச் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைப்பார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். தங்கச்சிமடம் கோயிலுக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளமாக நின்றது. வெயில் வேறு. நிற்காமல் வந்துவிட்டேன். அப்படி நின்று சொல்லும் அளவுக்கு என்னிடம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று அவளே வந்தாள். கையில் பதினேழாம் தட்டு. எதிரே உட்கார்ந்து, "லாத்தா, நீங்க ஒரு தடவ பார்த்துருங்க. எனக்குப் பயமா இருக்கு. உங்க கண்ணுக்குத் தப்புனது எதுவும் கிடையாது. நீங்க சரின்னு சொல்லிட்டா நான் தைரியமாப் பேசுவேன்" என்றாள்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். ஓரமாக, பிசிறு மாதிரி இடைவெளி தெரிந்தது. எங்கே என்று தெரிந்து தேடுகிறவளுக்குத்தான் தெரியும்.

"நல்லாருக்கு" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. என் பெயர்களை எடுத்துக்கொண்டு கைதட்டல் வாங்கியவளுக்கு என் கண்ணும் வேண்டுமாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பேச்சுவாக்கில் முத்துராக்குவிடம், "எல்லாரையும் லாத்தா லாத்தான்னு கூப்பிட்டுக் காரியம் சாதிக்கிறா" என்றேன்.

"எல்லாரையுமா?" முத்துராக்கு கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தாள். "என்னைய முத்துராக்கக்கான்னுதான கூப்பிடுது. டைப்படிக்கிற அந்தம்மாவும் அக்காதான். நானும் ஒருநா கேட்டேன், ஏத்தா என்னையும் லாத்தான்னு கூப்பிடேன்னு. வெளிய எல்லாரும் அக்காதானாம். வீட்டு ஆளுகதான் லாத்தாவாம். அதுக்கு ஒரு அக்கா இருந்து, சின்ன வயசுலயே மவுத்தாப் போச்சாம்ல, செத்துப் போறத அப்படித்தான் சொல்லுது. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் கேட்டதில்லை.

முத்துராக்கு எதையும் பெரிதாக்கிச் சொல்வாள். காலித் தட்டுகளைக் கழுவி வெயிலில் வைத்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

நாளைக்குக் குழு. நீலக் கோப்பையும் எடுத்துப் போவேன். எதற்கென்று இல்லை, என் வேலையைக் காட்டத்தான். புடவைக்குக் கஞ்சி போட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

குழுவில் மூன்று பேர். அதில் பாசிவிலங்கு தெரிந்தவர் ஒருவர்தான், நாகர்கோவில் பக்கத்துப் பேராசிரியர். நிலோஃபர் நன்றாகப் பேசினாள். திரையில் என் ஜூன் மாதப் படம் சுவரளவுக்குப் பெரிதாக விழுந்தது. அவ்வளவு பெரிதாக என் கோட்டை நானே பார்த்ததில்லை. பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, ஓரத்தில் ஒரு இடத்துக்கு வந்ததும் கண் நின்றுவிட்டது. அங்கே கோடு மற்ற இடத்தைவிடத் தடிமனாக இருந்தது. பென்சில் விட்ட இடத்தில் மையால் இணைத்தேனே, அந்த இடம். பக்கத்து அறைச் சிரிப்புகூட நினைவுக்கு வந்தது. இடைவெளியை மூடியவள் நான். அவள் என் படத்தை நம்பியிருக்கிறாள், அவ்வளவுதான்.

பேராசிரியரும் அங்கேதான் பார்த்தார். "காவக்காரி எல்லாம் ஓரத்திலயே நிக்குதே, நடுவில ஒண்ணுகூட இல்லியே. அப்புறம் இந்தக் கோடு, இங்க மட்டும் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு. யாராக்கும் வரைஞ்சது?"

நிலோஃபர் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒட்டுப்போட்டது என் கை என்று அவளுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது.

"நான்தான் சார். என் தப்பு" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், வேலை எனக்கு. ஆனால் அது என் கோடு. என் முக்காலி, என் பேனா, என் பெயர்கள் எல்லாம் போயின, என் தப்பையுமா எடுத்துக்கொள்வாள்? எழுந்து நின்றுவிட்டேன்.

"இல்ல சார். அது நான் வரைஞ்சது. அவங்களுக்கு இவ்வளவு சீரா வரைய வராது."

யாரோ சிரித்தார்கள். டாக்டர், "அமலா, உட்காருங்க" என்றார். உட்காரவில்லை. அது இரண்டு கூட்டம், இடைவெளியை நான் தவறாக மூடிவிட்டேன், சரியான படம் இதோ என்று நீலக் கோப்பிலிருந்து எடுத்து நீட்டினேன்.

நடுவில் நின்றவள் நிலோஃபர். அவள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். வாங்கியவளின் கண் வலது கீழ்மூலைக்குப் போயிற்று. ஆகஸ்ட் 9. தேதி போடுவது பதினான்கு வருடப் பழக்கம், அது அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது.

அவள் கட்டைவிரலை அந்த மூலையில் வைத்தாள். பேராசிரியர் தாளை வாங்கக் கை நீட்டினார். அவள் விடவில்லை.

"நான் பிடிச்சுக்கிறேன் சார். மை இன்னும் காயல" என்றாள்.

என் மை காய இரண்டு நிமிடம் போதும்.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். "என்னா துல்லியம்! இப்பத்தான் கவனிச்சீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.

கூட்டம் முடிந்து நடையில் அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இந்தாங்க உங்க படம், மேடம்."

"மை காயலன்னு ஏன் சொன்னீங்க?"

"படம் நல்லா இருந்துச்சு. உங்களுக்காகச் சொல்லல." போகத் திரும்பியவள் நின்று, "அன்னிக்கு உங்ககிட்டதான வந்து கேட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 4, வியாழன்

மதியம் அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு முத்துராக்குவோடு படகுத்துறைப் பக்கம் போய்விட்டாள். எனக்குப் பசியில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. பணி எனக்கு. "தன் பிழையைத் தானே கண்டறிந்து அவையில் ஒப்புக்கொண்ட நேர்மை" என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர் என்னோடு டீ குடித்தார். ஏதோ சொல்லிச் சிரிக்கவும் செய்தார். என்ன சொன்னார் என்று நினைவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

கையேட்டின் அச்சுப்படி சரிபார்க்க வந்தது. அதோடு ஜூலைக் கூட்டத்துக்கு அவள் தட்டச்சு செய்திருந்த மூலத்தாளும் இணைத்திருந்தது. முதல் பக்கத்திலேயே: "வாய்க்காரி, பிள்ளைக்காரி, காவக்காரி ஆகிய பெயர்களைச் சூட்டியவர் இந்நிலையத்தின் ஓவியர் அமலோற்பவம்." என் முழுப்பெயர். மேலே தேதி. ஜூலை 16. கூட்டத்துக்கு முந்தைய நாள்.

அன்று ஏதோ ஒரு விஷயம் என்று பின்னாலேயே வந்தாள். எனக்குத்தான் பஸ் வந்துவிட்டதே.

இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி அனுப்பினேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அவளுக்குக் கடைசி நாள். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது என் முக்காலியில் உட்கார்ந்து பதினேழாம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "சாரி மேடம்" என்றாள்.

இருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். "அந்தத் தட்டுக்குத் தண்ணி மாத்தணும்" என்றுதான் வந்தது.

டாக்டரிடம் சொல்லிக்கொண்டாள். டைப்படிக்கும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். என்னிடம் வந்து, "வர்றேன் மேடம்" என்றாள். நானும் "சரி" என்றேன். ஒரு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வேறு வார்த்தைகளும் இருந்தன. அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

நான் முக்காலியில் உட்காராமல் நின்றபடியே தட்டின்மேல் குனிந்திருந்தேன். வாசலில் இருந்து, "லாத்தா, போயிட்டு வரவா?" என்று கேட்டது.

திரும்பினேன். இரண்டடி நடந்தும்விட்டேன். "இருங்க, நானும் பஸ்ஸுக்கு வர்றேன்" என்று சொல்லியும்விட்டேன்.

அவள் முத்துராக்குவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். முத்துராக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கென்ன, நேற்றுவரை அக்காவாக இருந்தவள்.

நிலோஃபர் படியிறங்கிப் போனாள்.

திரும்பி வந்தேன். முக்காலி இன்னும் சூடாக இருந்தது. அது ஆறுவதற்குள் உட்கார்ந்துகொண்டேன்.